கொடைக்கானலில் குடும்பத்தோடு நடக்க: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நாயுடுபுரத்தில் குடியிருக்கிறோம். ஏப்ரல் பிறந்தால் போதும், மதுரை, திருச்சி, தூத்துக்குடி என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் சொந்தக்காரர்கள் போன் செய்ய ஆரம்பித்துவிடுவார்கள். கேள்விகள் வருஷா வருஷம் அதேதான். பெரியவளுக்குப் பதினொன்று, சின்னவனுக்கு ஆறு, மாமியாருக்கு முழங்கால் வலி. இந்த மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நடந்து பார்த்த வழிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பெரிய மலையேற்றக்காரர்களுக்கு இதில் அதிகம் இல்லை.

இரண்டு நாள்தான் தங்குகிறோம். எல்லா பாயின்ட்டையும் பார்த்துவிட முடியுமா?

முடியும், கார் கண்ணாடி வழியாக. டாக்ஸிக்காரர் நீட்டுகிற அட்டையில் பன்னிரண்டு இடம் போட்டிருக்கும். ஒவ்வொன்றுக்கும் இருபது நிமிஷம் என்றால், அதில் பாதி வண்டி நிறுத்த இடம் தேடுவதிலேயே போய்விடும். சாயங்காலம் பிள்ளையிடம் என்ன பார்த்தாய் என்று கேட்டால், "குரங்கு பார்த்தேன், சோளம் தின்றேன்" என்று சொல்லும். தப்பில்லை, அதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்பதுதான் என் கேள்வி.

காலையில் ஒரே ஒரு நடை, மத்தியானத்துக்கு மேல் ஓய்வு. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்களுக்கு நான் போட்டுக் கொடுக்கும் திட்டம் இவ்வளவுதான். காரணம், மேகம். ஊர் ஏறக்குறைய 2,100 மீட்டர் உயரத்தில், செங்குத்தான சரிவின் விளிம்பில் இருக்கிறது. கீழே சமவெளியில் வெயில் ஏற ஏற, ஈரக்காற்று சரிவைப் பிடித்து மேலே வந்து, குளிர்ந்து மேகமாகிவிடும். பதினொரு மணிக்கு மேல் பல நாட்களில் பள்ளத்தாக்கு இருந்த இடத்தில் வெள்ளை வேட்டி காயப்போட்டதுபோல இருக்கும். காட்சி பார்க்க வேண்டிய இடம் எதுவானாலும் பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் எங்கே ஆரம்பிக்கலாம்?

ஏரியில். வேறு யோசனையே வேண்டாம். மலைச்சாலையில் வளைந்து வளைந்து வந்து வயிற்றைப் பிரட்டிய பிள்ளைகளுக்குச் சமதளத்தில் காற்று வாங்குவதைவிட நல்ல மருந்து கிடையாது.

இது இயற்கையாக அமைந்த ஏரி இல்லை. 1863-இல் மதுரைக் கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் ஓடையை மறித்துக் கரை கட்டி உண்டாக்கியது. பள்ளங்களிலெல்லாம் தண்ணீர் புகுந்து நின்றதால், ஏரி நட்சத்திரம் மாதிரி கை கையாக நீண்டிருக்கிறது. நடக்கிறவர்களுக்கு இதில் ஒரு சூட்சுமம் உண்டு. எதிர்க்கரை இதோ கூப்பிடு தூரத்தில் இருக்கிறது என்று தோன்றும், ஆனால் சாலை அந்தக் கையின் நுனி வரை போய்ச் சுற்றிக்கொண்டுதான் வரும். முழுச் சுற்று ஏறக்குறைய 5 கிலோமீட்டர். பெரியவர்களுக்கு ஒரு மணி நேரம், பிள்ளைகளோடு என்றால் ஒன்றரையிலிருந்து இரண்டு. பாதி தூரம் போனபிறகு "கால் வலிக்குது" என்றால் குறுக்கு வழி கிடையாது. ஐந்து வயதுக்குக் கீழ் இருந்தால், போட் கிளப்பிலிருந்து அரை மணி நேரம் போய்விட்டு வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

காலை ஆறரைக்குப் போனால் தண்ணீரின் மேல் ஆவி மாதிரி பனி படர்ந்திருக்கும். நடக்க வருகிற உள்ளூர்க்காரர்கள்தான் இருப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் வாடகை சைக்கிள், குதிரை, கார் எல்லாம் சேர்ந்துவிடும். குதிரைகள் சில நேரம் வேகமாகவே வரும், சின்னப் பிள்ளைகளைத் தண்ணீர்ப் பக்கமாக, கையைப் பிடித்து நடத்துங்கள்.

குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து நடக்க முடியுமா?

ஏரிச் சாலையில் முடியும். மற்ற இடங்களில் தள்ளுவண்டியையும் குழந்தையையும் சேர்த்து நீங்கள்தான் தூக்குவீர்கள். தோளில் கட்டிக்கொள்ளும் பை இருந்தால் கொண்டுவாருங்கள்.

கோக்கர்ஸ் வாக்கை ஆளாளுக்கு ஒரு மாதிரி சொல்கிறார்கள். சிலர் அற்புதம் என்கிறார்கள், சிலர் ஒன்றுமே தெரியவில்லை என்கிறார்கள்.

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான். முதல் ஆள் காலை எட்டு மணிக்குப் போயிருப்பார், இரண்டாவது ஆள் பிரியாணி சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

1872-இல் லெப்டினன்ட் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி வெட்டிய பாதை இது. ஒரு கிலோமீட்டர்தான் நீளம். மலை விளிம்பை ஒட்டியே போகும், கைப்பிடிக் கம்பி உண்டு, தளம் போட்டிருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடலாம். நுழைவுக் கட்டணம் சொற்பம். ஒரு முனை வான் ஆலன் மருத்துவமனைப் பக்கம், மறுமுனை செயின்ட் பீட்டர் தேவாலயப் பக்கம். எங்கள் மாமியார் இதைத்தான் எல்லாவற்றையும்விட விரும்புவார். நடுவில் உட்கார இடம் இருக்கிறது, ஒரு தொலைநோக்கி இருக்கிறது, சுடச்சுடச் சுண்டலும் கிடைக்கிறது. வானம் தெளிவாக இருந்தால் பெரியகுளம், தேனிப் பக்கத்துச் சமவெளி முழுவதும் விரித்த பாய் மாதிரி கீழே தெரியும்.

மேகம் வந்துவிட்டால் உடனே திரும்பிவிடாதீர்கள். சூரியன் முதுகுக்குப் பின்னாலும் மேகம் முன்னாலும் இருக்கும்போது, உங்கள் நிழல் மேகத்தின் மேல் பெரிதாக விழும், தலையைச் சுற்றி வானவில் வளையம்கூட இருக்கும். பிராக்கன் நிழலுரு என்று பெயர். இத்தனை வருஷத்தில் நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டாவது முறை சின்னவன் தன் நிழலுக்குக் கையாட்டிவிட்டு, "அது எனக்குத் திருப்பிக் கையாட்டுது" என்று அரை மணி நேரம் நகர மறுத்துவிட்டான்.

பிரையண்ட் பூங்கா?

ஏரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுமார் 20 ஏக்கர். 1908-இல் பிரையண்ட் என்ற வன அதிகாரி உருவாக்கியது. பாட்டிகளுக்கும் தவழும் குழந்தைகளுக்கும் நல்லது. மே மாதம் மலர்க் கண்காட்சி நடக்கும் நாட்களில் பூவைவிடத் தலைகள்தான் அதிகம் தெரியும், அது மட்டும் நினைவிருக்கட்டும்.

டால்பின்ஸ் நோஸ் சுலபமான நடை என்று போட்டிருந்தார்கள். ஆறு வயதுப் பையனைக் கூட்டிப் போகலாமா?

யார் போட்டார்களோ, அவர்கள் இறங்கிய பாதியை மட்டும் எழுதியிருக்கிறார்கள்.

வட்டக்கானலில் வண்டியை விட்டுவிட்டுக் கீழ்நோக்கி ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நடக்க வேண்டும். மரவேர்களும் கற்களும் படி மாதிரி இருக்கும் ஒற்றையடிப்பாதை. வழியில் சின்னச் சின்னக் கடைகளில் மேகியும் பிரெட் ஆம்லெட்டும் எலுமிச்சை டீயும் கிடைக்கும். இறங்கும்போது எல்லாரும் சிரித்துக்கொண்டே போவார்கள். முடிவில் பள்ளத்தாக்குக்கு மேலே மூக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தட்டைப் பாறை. காட்சி பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் பாறை விளிம்புக்குக் கீழே வெறும் ஆகாயம். படம் எடுக்கிற ஆசையில் நுனிக்குப் போகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு வயிறு கலங்கும்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், மழை விட்ட மறுநாள் சின்னவனை அங்கே கூட்டிப்போனேன். என் புத்திதான் காரணம், வேறு யாரையும் சொல்ல முடியாது. வேர்கள் எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி. இரண்டு முறை வழுக்கி விழுந்தான், மூன்றாவது முறை நான் விழுந்தேன். திரும்பி ஏறும்போது அவனை முதுகில் தூக்கிக்கொண்டு, பத்து அடிக்கு ஒருமுறை நின்று மூச்சு வாங்கி வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதனால் என் கணக்கு இது: எட்டு வயதுக்கு மேல், தரை காய்ந்திருந்தால், காலை எட்டு மணிக்கெல்லாம் கிளம்பினால் போகலாம். சின்னப் பிள்ளைகள் வேண்டாம். முழங்கால் வலிக்காரர்கள் நிச்சயமாக வேண்டாம். ஏற்றம் மூச்சைத்தான் வாங்கும், முட்டியைப் பதம் பார்ப்பது இறக்கம்.

வட்டக்கானல் சாலை குறுகலானது. சனி, ஞாயிறில் காரில் போனால் நடக்கும் நேரத்தைவிட நெரிசலில் நிற்கும் நேரம் அதிகம்.

காட்டுக்குள் நடந்த மாதிரி இருக்க வேண்டும், ஆனால் பயம் கூடாது. அப்படி ஏதாவது?

பியர்சோலா அருவிப் பக்கம் போய்ப் பாருங்கள். ஏரியிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஒரு காலத்தில் கரடிகள் தண்ணீர் குடிக்க வந்த இடம் என்று பெயர்க்காரணம் சொல்வார்கள். கடைசிக் கொஞ்ச தூரம் மேடுபள்ளமான மண்பாதை, பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும். மழைக்குப் பிறகு போனால் அருவி இருக்கும். ஏப்ரலில் போய்விட்டு "தண்ணியே இல்லையே" என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

சோலை என்றால் என்ன என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கவும் இது தோதான இடம். பழனி மலையின் மேல்மட்டத்தில் பழைய நாளில் இருந்தவை இரண்டுதான்: மலை முதுகெல்லாம் புல்வெளி, மடிப்புகளில் குட்டையான அடர்ந்த சோலைக்காடு. புல்லும் சோலையும் மழையைப் பஞ்சு மாதிரி உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடும். பைன், யூகலிப்டஸ், வாட்டில் எல்லாம் வெள்ளைக்காரர் காலத்திலும் அதற்குப் பிறகும் கொண்டுவந்து நட்டவை. புல்வெளிகளின் பெரும்பகுதி அவற்றுக்கடியில்தான் போய்விட்டது. மிச்சமிருக்கும் காட்டையெல்லாம் சேர்த்து 2013-இல் கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயமாக அறிவித்தார்கள். அதனால் வழியில் காணும் ஒற்றையடிப்பாதையில் எல்லாம் நம் இஷ்டத்துக்கு நுழைய முடியாது.

அப்படியென்றால் பைன் காட்டுக்குப் போகவேண்டாமா? குணா குகை, தூண் பாறை?

ஐயோ, போங்கள். நட்டுவைத்த காடு என்பதற்காக அழகில்லை என்று ஆகிவிடாது. பைன் மரங்களை 1906 வாக்கில் பிரையண்ட் நடச் செய்தார். வரிசையாக நிற்கிற மரங்களுக்கு நடுவே தரை ஊசி இலைகளால் மெத்தை மாதிரி இருக்கும். ஓடிப்பிடித்து விளையாட இதைவிட இடம் இல்லை. காய்ந்த ஊசி இலை சரிவில் வழுக்கும், அவ்வளவுதான் எச்சரிக்கை. குணா குகைக்குப் போகும் வழியில் தரைக்கு மேலே பின்னிக்கிடக்கும் மரவேர்களைத்தான் பிள்ளைகள் ரசிப்பார்கள், குகையை வேலிக்கு இந்தப் பக்கமிருந்து பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும். வேலியைத் தாண்ட வேண்டாம், யார் தாண்டினாலும் சரி. தூண் பாறை நடை இல்லை, ஒரு பார்வை. மூன்று பாறைகள், 400 அடி உயரம். மேகம் விலகினால் தெரியும், இல்லாவிட்டால் டிக்கெட்தான் மிச்சம். மூன்றும் ஒரே சாலையில் இருக்கின்றன.

காட்டுமாடு எதிரே வந்தால் என்ன செய்வது?

வரும். ஊருக்குள்ளேயே, பள்ளிக்கூட வாசலில், எங்கள் தெருக் குப்பைத்தொட்டியில்கூட நிற்கும். பார்க்கச் சாதுவாகத் தெரியும். ஒரு டன் எடைவரை வளரும் மிருகம், மிரண்டால் நம்மைவிட வேகமாக ஓடும். படம் எடுக்கப் பக்கத்தில் போய்க் குத்துப்பட்டவர்கள் உண்டு. பார்த்தவுடன் நின்றுவிடுங்கள். கத்தாதீர்கள், கல் எறியாதீர்கள், பிளாஷ் வேண்டாம். முகத்தை அதன் பக்கம் வைத்துக்கொண்டு மெதுவாகப் பின்வாங்கி, ஒரு வீட்டுக்குள்ளோ கடைக்குள்ளோ போய்விடுங்கள். கன்றுக்குட்டி ஒரு பக்கம், தாய் மறுபக்கம் என்றால் நடுவில் புகுந்துவிடக் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தெருவிளக்கு இல்லாத சாலையில் நடக்காதீர்கள். நாங்களே நடப்பதில்லை.

குரங்குக்கு ஒரே விதிதான்: கையில் தின்பண்டம் தெரியக் கூடாது.

அட்டை கடிக்குமா?

மழைக்காலத்தில், சோலைக்குள் நுழைந்தால் கடிக்கும். வலிக்காது, ரத்தம் மட்டும் கொஞ்ச நேரம் நிற்காமல் வரும். ஒரு சின்னப் பொட்டலத்தில் உப்பு வைத்துக்கொள்ளுங்கள், அட்டைமேல் தொட்டு வைத்தால் தானே விழுந்துவிடும். பேண்ட்டின் கால்பகுதியைக் காலுறைக்குள் செருகிக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. ஏரி, கோக்கர்ஸ் வாக் பக்கமெல்லாம் இந்தக் கவலை இல்லை.

கூட்டம் இல்லாத, கொஞ்சம் வித்தியாசமான இடம் வேண்டும்.

மேல்மலைப் பக்கம் போங்கள். இந்த ஒரு பதிலுக்காகத்தான் மற்ற எல்லாவற்றையும் எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம்.

ஏறக்குறைய 20 கிலோமீட்டரில் பூம்பாறை. சாலையின் வளைவிலிருந்து பார்த்தால், படிப்படியாக வெட்டிய தோட்டங்களுக்கு நடுவே வீடுகள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும். எல்லாரும் அங்கிருந்து படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் இறங்கிப் போங்கள். குழந்தை வேலப்பர் கோயில் வரை தெருக்களிலேயே நடந்து, வாசல்களில் பூண்டு காயப்போட்டிருப்பதைப் பார்த்துக்கொண்டு, தோட்ட வரப்பு ஓரமாக ஒரு சுற்றுச் சுற்றினால் ஒன்றரை மணி நேரம். யாருடைய விளைநிலத்திலாவது கால் வைக்கும்முன் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால், அநேகமாகக் கேரட்டைப் பிடுங்கிக் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சின்னப் பல், காரமும் மணமும் அதிகம், மாதக்கணக்கில் கெடாது. இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போங்கள்.

இன்னும் 15 கிலோமீட்டர் போனால் மன்னவனூர். அகலமான புல்வெளி, நடுவே ஏரி. தடுக்கி விழுந்தாலும் புல்லில்தான் விழ வேண்டும் என்பதால், நடக்கப் பழகும் குழந்தைக்கு இந்த மலையிலேயே சிறந்த இடம் என்பேன். வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா மையத்தில் பரிசல் சவாரி உண்டு. பக்கத்திலேயே மத்திய அரசின் செம்மறியாட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, ஆடும் முயலும் பார்க்கலாம். வெயில் குளிராக இருக்கிறதே என்று தொப்பி இல்லாமல் நின்றால் ராத்திரி முகம் எரியும். இந்த உயரத்தில் வெயில் அப்படித்தான். நிழலுக்கு மரம் அதிகம் கிடையாது.

முழு நாள் ஒதுக்கிக் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால் இரண்டையும் நிதானமாகப் பார்க்கலாம்.

பேரிஜம் ஏரியைச் சுற்றி நடக்கலாமா?

நினைத்தபடி நடக்க முடியாது. பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் ஏரி, காட்டுக்குள் இருக்கிறது. வனத்துறையிடம் அனுமதி வாங்கி, குறிப்பிட்ட எண்ணிக்கை வண்டிகள்தான் போகலாம். யானை நடமாட்டம் இருந்தால் மூடிவிடுவார்கள். கிடைத்தால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்குப் போனால் குறிஞ்சிப்பூ பார்க்கலாமா?

அதற்கு 2030 வரை பொறுக்க வேண்டும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறைதான் மொத்தமாகப் பூக்கும், கடைசியாக 2018-இல் பூத்தது. கோயில் ஏரியிலிருந்து மூன்று கிலோமீட்டர். 1936-இல், இந்து சமயத்தைத் தழுவிய ஓர் ஐரோப்பியப் பெண்மணி கட்டியது. தெளிந்த நாளில் அங்கிருந்து பழனி தெரியும்.

இதுபோன்ற இடங்களுக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம்: போகும்போது ஆட்டோ அல்லது டாக்ஸி, வரும்போது நடை. சூரிய ஆய்வுக்கூடத்துக்கும் அப்படித்தான். ஊரைவிட இன்னும் இருநூறு மீட்டர் உயரத்தில், 2,343 மீட்டரில் இருக்கிறது. 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு வெளிநோக்கி ஓடுவதை எவர்ஷெட் என்ற விஞ்ஞானி கண்டுபிடித்தது இங்கேதான். அதைக் கேட்டபிறகு பெரியவள் கீழே வரும் வரை சூரியனைப் பற்றியே கேட்டுக்கொண்டு வந்தாள், நாலைந்து கிலோமீட்டர் இறங்கியதே தெரியவில்லை. முழங்கால் வலிக்காரரை மட்டும் திரும்பவும் வண்டியிலேயே அனுப்பிவிடுங்கள்.

அப்பாவுக்கு எழுபது வயது. உயரத்தில் மூச்சுத் திணறுமா?

7,000 அடியில் பெரும்பாலானோருக்குப் பெரிய தொந்தரவு வராது. ஏற்றத்தில் வழக்கத்தைவிடச் சீக்கிரம் மூச்சு வாங்கும். வந்த அன்று முழுக்க மெதுவாக இருக்கச் சொல்லுங்கள். இதய நோயோ ஆஸ்துமாவோ இருந்தால் கிளம்பும் முன்பே மருத்துவரைக் கேட்டுவிட்டு, மருந்தை அறையில் வைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நடக்கட்டும். விடியற்காலைக் குளிர்தான் ஆஸ்துமாக்காரர்களை அதிகம் படுத்தும், ஏழரைக்கு மேல் வெளியே வந்தால் போதும்.

எந்த மாதம் நல்லது?

பிப்ரவரி, மார்ச். வானம் தெளிவாக இருக்கும், தரை காய்ந்திருக்கும். டிசம்பர், ஜனவரியும் நடக்க நன்றாகத்தான் இருக்கும், குளிர் தாங்குகிறவர்களுக்கு. அக்டோபர், நவம்பரில் மழை அதிகம். ஏப்ரல், மே பள்ளி விடுமுறை, சொல்ல வேண்டியதில்லை. விடுமுறையில்தான் வர முடியும் என்றால் திங்களிலிருந்து வியாழனுக்குள் வாருங்கள்.

இ-பாஸ், தண்ணீர் பாட்டில் கெடுபிடி பற்றிச் சொல்லுங்கள்.

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வேண்டும். இணையத்திலேயே எடுக்கலாம், காசு இல்லை. 2025 கோடையில் ஒரு நாளைக்கு 4,000 வண்டி, வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வைத்தார்கள். அதனால் தேதி முடிவானவுடன் எடுத்துவிடுங்கள். அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இது தேவையில்லை. ஊருக்குள் நடக்கத்தானே போகிறீர்கள், பேருந்திலேயே வரலாம் என்பது என் கட்சி.

சின்ன பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில், குளிர்பான பாட்டில் எல்லாம் இங்கே தடை. ஆளுக்கு ஒரு எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள்.

என்னென்ன எடுத்துக்கொண்டு நடக்க வேண்டும்?

பிடிப்பு நல்லா இருக்கிற ஷூ. செருப்பு ஏரிக்கு மட்டும் சரி. கனமான ஒரு ஸ்வெட்டருக்குப் பதில் மெல்லியதாக இரண்டு. நடந்தால் வியர்க்கும், நின்றால் குளிரும். மழைக்கோட்டு எந்த மாதமானாலும் வேண்டும். காதை மூடும் குல்லா. பிள்ளைக்கு ஒரு மாற்று உடை. அப்புறம், கழிப்பறை. பேருந்து நிலையம், ஏரிப் பக்கம் தாண்டினால் சுத்தமானது கிடைப்பது கஷ்டம், அறையிலேயே முடித்துக்கொண்டு கிளம்புங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி நிஜமான டிரெக்கிங் கேட்கிறான்.

வட்டக்கானலிலிருந்து வெள்ளகவிக்கு இறங்கும் பாதையைச் சொல்வார்கள். வாகனச் சாலை வருவதற்கு முன்னால் கொடைக்கானலுக்கு ஆட்கள் பெரியகுளம் பக்கமிருந்து இந்தச் சரிவுகளில்தான் நடந்து ஏறிவந்தார்கள். வெள்ளகவியில் ஊருக்குள் செருப்புப் போடும் வழக்கம் இல்லை, எல்லையில் கழற்றிவிட வேண்டும். பெருமாள் மலையும் உண்டு, சரியான ஏற்றம். இரண்டும் குடும்ப நடை அல்ல. எதுவானாலும் வனத்துறை அனுமதியோடு, வழிகாட்டியோடு போகச் சொல்லுங்கள். 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீயில் அத்தனை பேர் இறந்தபிறகு விதிகள் இறுகியிருக்கின்றன. 2024 அக்டோபரில் தமிழ்நாடு முழுக்க 40 மலையேற்றப் பாதைகளை அரசே திறந்து, இணையத்தில் முன்பதிவு வைத்திருக்கிறது. தம்பியை அதில் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

கடைசி நாள் பத்து மணிக்குக் கிளம்ப வேண்டும். காலையில் ஒரு மணி நேரம் இருக்கிறது.

மறுபடியும் ஏரிதான், பாதி தூரம் மட்டும். அல்லது முதல் நாள் மேகத்தில் தவறவிட்டிருந்தால் கோக்கர்ஸ் வாக். திரும்பி வந்து பிள்ளைகளுக்கு இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். வாந்தி மாத்திரை கொடுப்பதாக இருந்தால் வண்டி ஏறுவதற்கு அரை மணி நேரம் முன்பே கொடுத்துவிடுங்கள், வத்தலக்குண்டு வரை வளைவுதான்.